மிஸ் ஹவிஷாமின் மணிக்கூடும் தேய்ந்த காலுறையும்

அக்கரைப்பற்றில் இருந்து ஒருவர் இங்கே கேட்டிருக்கிறார். அவர் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ வாசித்துக்கொண்டிருக்கிறாராம். அதில் வரும் நின்றுபோன மணிக்கூடு, காலம் நின்றதன் குறியீடு என்று வகுப்பில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். விளக்கு வந்தால் அறிவு, ஆறு வந்தால் காலம், மஞ்சள் வந்தால் நோய் என்று ஒரு பட்டியலும் கொடுத்திருக்கிறார்கள். நாவலில் வருகிற ஒவ்வொரு சாமானுக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் இப்படி அர்த்தம் இருக்கிறதா, எழுதினவர் இதையெல்லாம் யோசித்துத்தான் எழுதினாரா என்பது கேள்வி.

இரண்டு கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் கிடப்பது ஒன்றுதான். ஒரு அர்த்தத்தை நான் கதைக்குள் இருந்து எடுக்கிறேனா, வெளியில் இருந்து கொண்டுபோய்ப் போடுகிறேனா, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நீங்கள் கேட்கிறீர்கள். மட்டக்களப்பிலும் கல்முனையிலுமாக இருபத்தெட்டு வருடம் உயர்தர வகுப்புகளுக்குத் தமிழ் படிப்பித்தவன் நான். பாடத்திட்டத்துக்கு வெளியே பிள்ளைகளோடு சேர்ந்து பிறநாட்டு நாவல்களும் வாசித்திருக்கிறேன். பிரெஞ்சு, ரஷ்ய நாவல்களை மொழிபெயர்ப்பில்தான் படித்தேன். ஆகவே அந்த மொழிகளில் ஒரு சொல்லின் ஓசை, அதன் இரட்டைப் பொருள் பற்றி நான் வாய் திறக்கக் கூடாது. ஆனால் எந்தச் சாமான் எந்த இடத்தில் வருகிறது, யார் அதைத் தொடுகிறார், கடைசியில் அதற்கு என்ன நடக்கிறது என்பதை மொழிபெயர்ப்பு மறைப்பதில்லை. அதை வைத்துப் பேசுகிறேன்.

உங்கள் மணிக்கூட்டில் இருந்தே தொடங்குவோம். சிறுவன் பிப் முதல்முறை அந்த அறைக்குள் போகும்போது என்ன பார்க்கிறான்? மணப்பெண் உடையில் ஒரு கிழவி, மிஸ் ஹவிஷாம். வெள்ளையாக இருந்த உடை மஞ்சளாகிவிட்டது. ஒரு காலில் மட்டும் சப்பாத்து. மற்றது மேசையில், கைக்குப் பக்கத்தில். அவளுடைய கைக்கடக்கமான கடிகாரமும் அறையில் இருந்த மணிக்கூடும் ஒன்பது மணிக்கு இருபது நிமிடம் இருக்கும்போது நின்றுபோயிருக்கின்றன. காலம் நின்றுவிட்டது என்று எழுத இது போதும். ஆனால் டிக்கன்ஸ் அதோடு விடவில்லை. சற்று நேரத்தில் பிப் அந்த வீட்டில் வளரும் சிறுமி எஸ்தெல்லாவோடு சீட்டு விளையாடுகிறான். விளையாடிக்கொண்டே மறுபடியும் பார்க்கிறான். மேசையில் இருக்கும் சப்பாத்து ஒருநாளும் போடப்படாதது. அந்தச் சப்பாத்து இல்லாத காலிலோ பட்டுக் காலுறை. மஞ்சளாகி, நடந்து நடந்து தேய்ந்து கிழிந்திருக்கிறது.

அந்தக் காலுறையைத்தான் உங்களுக்குக் காட்ட விரும்பினேன். மணிக்கூடு காலம் நின்றுவிட்டது என்கிறது. காலுறை இல்லை என்கிறது. வருடக்கணக்காக அந்தப் பெண் அந்த அறைக்குள் ஒற்றைச் சப்பாத்தோடு நடந்திருக்கிறாள், காலம் அவள் பாதத்துக்கடியில் தேய்ந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த அறை விளங்கும். மணிக்கூட்டை மட்டும் எடுத்துக் குறிப்பில் எழுதியவர்கள் பாதியைத்தான் உங்களுக்குத் தந்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த மணிக்கூடுகள் தாமாக நிற்கவில்லை. பின்னால் பிப்பின் நண்பன் ஹெர்பெர்ட் சொல்கிறான்: கல்யாணத்துக்கு உடுத்திக்கொண்டிருந்தபோது கல்யாணத்தை முறித்து மாப்பிள்ளையின் கடிதம் வந்தது, அது வந்த மணியையும் நிமிடத்தையும் காட்டும்படி எல்லா மணிக்கூட்டையும் அவள் பிறகு நிறுத்திவிட்டாள் என்று. இதை நான் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தது சுனாமிக்கு இரண்டு வருடத்துக்குப் பிறகு. கல்லடிப் பக்கத்துப் பிள்ளை ஒன்று எழும்பிச் சொன்னது: “எங்கட ஊட்டு மணிக்கூடும் ஒன்பது மணிக்குக் கிட்ட நிண்டு போச்சு சேர். அம்மா அதைக் கழற்றி எறிஞ்சிட்டா. வெச்சிருந்தா ஒவ்வொரு நாளும் ஒன்பது மணிதானே எண்டு சொன்னா.” வகுப்பு முழுவதும் பேசாமல் இருந்தது. நான் அன்று வேறு எதுவும் படிப்பிக்கவில்லை. கடல் நிறுத்திய மணிக்கூடு வேறு, கை நிறுத்திய மணிக்கூடு வேறு என்று என்னால் அதைவிட நன்றாகச் சொல்லியிருக்க முடியாது. ஒரு தாய் நின்ற மணிக்கூட்டை வீட்டைவிட்டு வெளியே எறிந்தாள். மிஸ் ஹவிஷாம் ஓடிக்கொண்டிருந்த மணிக்கூடுகளை நிறுத்தி, அவற்றின் நடுவில் குடியிருந்தாள். சாமான் ஒன்றேதான். அதற்கு மனிதர் என்ன செய்தார் என்பதில் இருந்துதான் அர்த்தம் வருகிறது.

பட்டியல் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான். ‘மணிக்கூடு என்றால் காலம்’ என்பது அகராதி வேலை. நாவல் அப்படி இயங்குவதில்லை. ஒரு பொருளைப் பின்தொடர்ந்து போக வேண்டும்: எங்கே முதலில் வருகிறது, திரும்ப வரும்போது எப்படி மாறியிருக்கிறது, யாருடைய கையில் இருந்து யாருடைய கைக்குப் போகிறது. இதற்கு இங்கிலாந்துக்குப் போகவும் தேவையில்லை. வைகாசி மாதம் காரைதீவிலும் தம்பிலுவிலிலும் செட்டிபாளையத்திலும் கண்ணகி அம்மன் கோயிலில் குளிர்த்திச் சடங்கு நடக்கும்போது, கண்ணகி கதையைப் பாடும் வழக்குரை படிக்கக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். சிலப்பதிகாரத்தில் சிலம்பு எங்கே வருகிறது என்று கேட்டால் எல்லாரும் பாண்டியன் சபையைச் சொல்வார்கள். அதற்கு வெகுமுன்பே, கோவலன் மாதவியோடு இருக்கும்போது வீட்டில் தனியாக இருக்கும் கண்ணகியை இளங்கோ காட்டும் இடத்தைப் பாருங்கள்: “அஞ்செஞ் சீறடி அணிசிலம்பு ஒழிய”. காலில் சிலம்பு இல்லை. இல்லாத சிலம்பாகத்தான் அது அங்கே வருகிறது. புருஷன் இல்லாததால் கழற்றி வைத்த சிலம்பு. பிறகு அவன் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு வந்து நிற்கும்போது “சிலம்புள கொண்ம்” என்று அவளே எடுத்துக் கொடுக்கிறாள். பிறகு மதுரையில் அது விலைப்பொருள், பிறகு களவுக் குற்றச்சாட்டு, பிறகு சாட்சி, கடைசியில் உடைந்து மாணிக்கமாகத் தெறிக்கிறது. அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. சிலம்பு என்றால் கற்பு என்றோ நீதி என்றோ ஒரு சொல்லில் எழுதினால், இந்த நடை முழுவதும் போய்விடும். இது நாவல் இல்லை, காப்பியம்தான். ஆனால் ஒரு வீட்டுச் சாமானைப் பின்தொடர்வது எப்படி என்று பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

அதே பழக்கத்தோடு பிரெஞ்சு எழுத்தாளர் ஃபிளோபேரின் ‘மதாம் பொவாரி’க்குப் போங்கள். எம்மா கல்யாணம் முடித்து ஷார்லின் வீட்டுக்கு வருகிறாள். படுக்கை அறையில் ஒரு போத்தலுக்குள் வெள்ளைச் சாட்டின் நாடா கட்டிய ஆரஞ்சுப் பூச்செண்டு இருக்கிறது. அது செத்துப்போன முதல் மனைவியின் கல்யாணப் பூச்செண்டு. எம்மா அதைப் பார்க்கிறாள். ஷார்ல் அவள் பார்ப்பதைக் கண்டு எடுத்துக்கொண்டுபோய்ப் பரணில் வைக்கிறான். நான் செத்தால் என்னுடைய பூச்செண்டை என்ன செய்வார்கள் என்று அவள் யோசிக்கிறாள்.

இந்த இடத்தை வாசித்துக் காட்டும்போதெல்லாம் எங்கள் பெண்பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். அதற்குக் காரணம் உண்டு. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வீடு பெண்ணுக்குத்தான். மகள் பிறந்தால் அவளுக்கு வீடு கட்ட வேண்டும் என்று தகப்பன் அன்றே கணக்குப் போடத் தொடங்குகிறான். மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். இன்னொருத்தி வாழ்ந்து செத்த அறைக்குள் புதுப்பெண் வந்து படுப்பது எங்கள் பிள்ளைகளுக்கு உடனே உறுத்தியது. பிரான்சில் அது வழக்கமான காரியமாக இருந்திருக்கலாம். ஆகவே எங்களுக்கு உறுத்துவதையெல்லாம் ஃபிளோபேர் நினைத்தார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் வழக்கம் எங்கள் கண்ணை அந்தப் பூச்செண்டில் நிறுத்தி வைத்தது. நிறுத்தியது சரிதான் என்பதைக் கதையே பிறகு காட்டுகிறது. அந்தப் பகுதியின் கடைசியில், ஊர் மாறிப் போகச் சாமான் அடுக்கும்போது எம்மாவின் விரலில் ஒன்று குத்துகிறது. அவளுடைய சொந்தக் கல்யாணப் பூச்செண்டின் கம்பி. மொட்டுகள் தூசி பிடித்து மஞ்சளாகியிருக்கின்றன, நாடா நூல் பிரிந்திருக்கிறது. நெருப்பில் எறிகிறாள். காய்ந்த வைக்கோலைவிட வேகமாக எரிகிறது. கடதாசி இதழ்கள் கருகி, கறுப்பு வண்ணத்துப்பூச்சிகள் போலப் புகைபோக்கி வழியே பறக்கின்றன. அடுத்த வரியில், அவர்கள் அந்த ஊரைவிட்டுப் போகும்போது அவள் கர்ப்பமாக இருந்தாள் என்று மட்டும் சொல்லி முடிக்கிறார். நான் செத்தால் என் பூவை என்ன செய்வார்கள் என்று கேட்டவள், சாகும்வரை பார்த்திருக்காமல் தானே எரித்துவிட்டாள். இது நிச்சயம். இரண்டு பூச்செண்டையும் ஆசிரியர் தம் கையால்தான் எதிரெதிராக வைத்திருக்கிறார்.

நிச்சயமில்லாததற்கும் அதே நாவலில் இருந்து ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் அதில் நான் பல வருடம் பிழையாகப் படிப்பித்தேன். பழைய வீட்டுத் தோட்டத்தில் செபப்புத்தகம் வாசிக்கும் பாதிரியார் சிலை ஒன்று இருந்தது, சுண்ணச்சாந்தில் செய்தது. வீடு மாறும்போது வண்டி குலுங்கி அது விழுந்து தூள்தூளாகிறது. எம்மாவின் விசுவாசம் உடைந்ததன் குறியீடு என்று நான் கரும்பலகையில் எழுதினேன். ஒரு பையன் கேட்டான்: “வண்டி குலுங்கினா சாந்துச் சிலை உடையும்தானே சேர்?” வீட்டுக்குப் போய் அந்தப் பக்கத்தைத் திரும்ப வாசித்தேன். அந்தச் சிலை உடைந்த செய்தி எம்மாவின் மனதுக்குள் வரவில்லை. இடம் மாறியதில் என்னென்ன நட்டம், எவ்வளவு செலவு என்ற கணக்கின் நடுவில் வருகிறது. அந்தப் பையன் கேட்டது சரி. ஆனால் நான் நினைத்ததும் முழுக்கப் பிழையில்லை. புது ஊரில் எம்மா மனம் நொந்து ஒரு உண்மையான பாதிரியாரிடம் போகிறாள், அவருக்கு அவள் சொல்வது விளங்கவே இல்லை. சாந்துப் பாதிரியாரும் போய், சதைப் பாதிரியாரும் உதவாமல் போனார் என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்க இடமிருக்கிறது. இப்போது நான் ‘பார்க்கலாம்’ என்றுதான் சொல்வேன், ‘ஆகும்’ என்று சொல்வதில்லை. பரீட்சைத் தாளிலும் இந்த வித்தியாசத்தைக் காட்டி எழுதுங்கள். நல்ல பரிசோதகர் அதைக் கவனிப்பார்.

இடத்துக்கு வருவோம். நிலத்துக்கு அர்த்தம் உண்டு என்று தமிழர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியமே வைத்திருக்கிறது. நெய்தல் என்றால் கடற்கரை, எற்பாடு என்கிற சாயும் பொழுது, இரங்கல். ஆனால் இதிலே ஒரு எச்சரிக்கை இருக்கிறது. திணை என்பது புலவரும் கேட்பவரும் முன்கூட்டியே உடன்பட்ட ஏற்பாடு. கடற்கரை என்ற உடனேயே கேட்பவருக்குப் பிரிவின் துயரம் தெரிந்துவிடும். நாவலுக்கு அப்படி ஒரு உடன்பாடு கிடையாது. ஒவ்வொரு நாவலும் தன் நிலத்தைத் தானே கட்டி, அதன் பொருளையும் தானே நமக்குப் பழக்க வேண்டும். உங்களுக்குத் தந்த பட்டியல் திணை இலக்கணத்தை நாவலின் மேல் ஏற்றிய பட்டியல். அதனால்தான் அது ஒட்டவில்லை.

அதே நேரத்தில், ஊர்க்காரருக்கு மட்டும் தெரிகிற நிலமும் உண்டு. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை என்று நாங்கள் சொல்கிறோம். ‘படுவான்கரையில் இருந்து வந்தவன்’ என்று ஒரு கதையில் வந்தால் மட்டக்களப்பு வாசகருக்கு வயலும் வாடியும் மாட்டுப்பட்டியும் துறையில் வள்ளத்துக்குக் காத்திருந்த நேரமும் யுத்தகாலத்துச் சோதனைச் சாவடியும் ஒரே மூச்சில் வந்துவிடும். யாழ்ப்பாணத்தவருக்கோ சென்னைக்காரருக்கோ அது வெறும் பெயர். இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். பீட்டர்ஸ்பர்க்கின் ஒரு சந்து பற்றித் தோஸ்தோயெவ்ஸ்கி எழுதும்போது அவருடைய ஊரார் எவ்வளவைக் கேட்டிருப்பார்கள், நமக்கு எவ்வளவு கேட்காமல் போகும்! அந்த இழப்பை ஒத்துக்கொண்டுதான் வாசிக்க வேண்டும்.

நல்லவேளையாக, பெரிய நாவலாசிரியர்கள் முக்கியமான இடத்தை நமக்கு விளங்கும்படி கட்டிவிடுகிறார்கள். ‘குற்றமும் தண்டனையும்’ நாவலில் ரஸ்கோல்னிகோவின் அறை ஆறு காலடி வைத்து நடக்கும் நீளம், மஞ்சள் கடதாசி ஒட்டிய சுவர். கட்டிலை விட்டு எழும்பாமலே கதவின் கொக்கியைக் கழற்றலாம், அவ்வளவு சிறிது. அவனைப் பார்க்க வந்த தாய், இது சவப்பெட்டி மாதிரி இருக்கிறது மகனே என்கிறாள். பின்னால் அவனே சோனியாவிடம், தாழ்ந்த கூரையும் நெருக்கமான அறையும் மனதையும் புத்தியையும் நெரிக்கும் என்று சொல்கிறான். பாத்திரங்களே வாய்விட்டுச் சொல்லிவிட்டார்கள், இனிச் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் மஞ்சள் நிறத்துக்கு மட்டும் தனியாக ‘நோய்’ என்று எழுதலாமா? அந்த நாவலில் மஞ்சள் அடிக்கடி வருவது உண்மை. அதற்கு ஒரே பொருள்தான் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். இதேபோல தோல்ஸ்தோயின் ‘அன்னா கரேனினா’வில் ஒரு சின்னச் சிவப்புப் பை. தொடக்கத்தில் ரயிலில் போகும்போது அன்னா அதைத் திறந்து தலையணை எடுக்கிறாள். கடைசியில், தண்டவாளத்தில் விழப்போகும்போது அந்தப் பைதான் கையில் மாட்டி ஒரு பெட்டி தாண்டும்வரை அவளைத் தடுக்கிறது. இரண்டு ரயிலுக்கும் நடுவில் ஒரு வாழ்க்கை முடிந்துவிட்டது. அந்தத் தாமதம் என் நெஞ்சில் குத்திய அளவுக்கு அந்த நாவலில் வேறு எதுவும் குத்தவில்லை. பை திரும்பி வந்தது நிச்சயம். அதன் சிவப்பு ஆசையா, இரத்தமா என்பது வாசகர்களின் சொந்தக் கணக்கு.

ஒன்றையும் குறிக்காத சாமானும் உண்டு. பிரெஞ்சு விமர்சகர் ரொலான் பார்த் 1968 இல் ஒரு கட்டுரை எழுதினார். ஃபிளோபேரின் கதை ஒன்றில், பழைய பியானோவுக்கு மேலே ஒரு காற்றழுத்தமானி தொங்குகிறது. பியானோ வசதியைக் காட்டலாம், அதன்மேல் குவிந்த பெட்டிகள் ஒழுங்கின்மையைக் காட்டலாம். காற்றழுத்தமானி எதைக் காட்டுகிறது? ‘இது உண்மையான வீடு’ என்பதைத் தவிர வேறு எதையும் இல்லை என்றார் அவர். எனக்கு இது மிகவும் உதவியாக இருந்தது. எங்கள் வீடுகளிலும் அப்படித்தானே? சுவரில் போன வருடக் கலண்டர் தொங்கினால் காலத்தில் பின்தங்கிய குடும்பம் என்று அர்த்தமாகாது. படம் வடிவாக இருந்திருக்கும், கழற்ற மனமில்லை.

சரி, எழுதினவர் யோசித்தாரா? சில இடங்களில் சாட்சியே இருக்கிறது. ‘மதாம் பொவாரி’யை ஃபிளோபேர் 1851 தொடக்கம் 1856 வரை எழுதினார். ஐந்து வருடம் ஒரு நாவலோடு இருந்தவர் பூச்செண்டைக் கைதவறி வைத்திருக்கமாட்டார். டிக்கன்ஸ் விஷயம் இன்னும் தெளிவு. அவருடைய நாவல் 1860 டிசம்பர் தொடக்கம் 1861 ஆகஸ்ட் வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. முதலில் அவர் எழுதிய முடிவில் பிப்பும் எஸ்தெல்லாவும் லண்டன் தெருவொன்றில் தற்செயலாகச் சந்தித்துப் பிரிகிறார்கள். நண்பரான இன்னொரு நாவலாசிரியர் சொன்னதன்பேரில் அதை மாற்றினார். மாற்றியபோது இடத்தையும் மாற்றினார். அச்சில் வந்த முடிவில் அவர்கள் சந்திப்பது பழைய வீடு இருந்த நிலத்தில். வீடு இல்லை, அங்கே நின்ற பியர் ஆலையும் இல்லை, தோட்டத்து மதில் மட்டும் மிச்சம். இடிபாட்டு மேட்டில் பழைய கொடி புதிதாக வேர்விட்டுப் பச்சையாகப் படர்கிறது. தெருவில் நடந்தால் ஒரு முடிவு, இந்த மண்ணில் நடந்தால் வேறு முடிவு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்காகக் காலுறையின் ஒவ்வொரு கிழிசலையும் திட்டம் போட்டு எழுதினார் என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. நல்ல தச்சன் ஒவ்வொரு முறையும் அளவுகோலை எடுப்பதில்லை, கை அறியும். எழுத்தும் அப்படித்தான் என்று நம்புகிறேன்.

பரீட்சைக்கு என்ன எழுதுவது என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ‘குறியீடு’ என்ற சொல்லைக் கடைசியில் எழுதுங்கள். முதலில் சாமான் எங்கே வருகிறது, எப்படி மாறுகிறது என்று இரண்டு இடமாவது காட்டுங்கள். அந்த நாவலிலேயே ஒரு மேசை இருக்கிறது, கவனித்தீர்களா? கல்யாணக் கேக் சிலந்தி பிடித்துக் கிடக்கும் நீண்ட மேசை. செத்தால் என்னை இதன்மேல்தான் கிடத்துவார்கள் என்று மிஸ் ஹவிஷாம் தொடக்கத்திலேயே கைத்தடியால் காட்டுகிறாள். நீங்கள் இன்னும் தீப்பிடிக்கும் அத்தியாயத்துக்கு வரவில்லை என்றால் நான் மேற்கொண்டு சொல்லக் கூடாது. பென்சிலை எடுத்து, மேசை வருகிற பக்கங்களிலும் அதன்மேல் விரித்த துணி வருகிற பக்கங்களிலும் ஓரத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டு போங்கள். வாசித்து முடித்த பிறகு, அந்தத் துணியைப் பிப் எதற்கு இழுத்தான் என்று இங்கே வந்து எழுதுங்கள்.